அரை ஜெப நேரம்

1

இந்த நாட்டில் என் வேலை என்ன என்பதை நான் மூன்று மொழிகளில் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். தமிழில் "தூக்கத்தை ஆராய்கிறேன்" என்றால், தோட்டத்து ஆட்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நாலடி தள்ளிப் போய், "பாவம், ரொம்பப் படிச்சவரு" என்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்கே தூக்கம் வந்துவிடுகிறது. மலாயில் சொல்ல முயன்றது போன மாதம், என் வேலை அனுமதியை ஒன்பதாவது முறையாகப் புதுப்பிக்கப் போனபோது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியானால் தூங்குவதற்கு உங்களுக்குச் சம்பளம் தருகிறார்களா?" என்று கேட்டார். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

பக்கத்தில் நின்ற மகளுக்குப் பதினாலு வயது. இந்த மலையிலேயே வளர்ந்தவள். "அப்பா, நீங்க சும்மா இருங்கப்பா" என்று என்னை ஒதுக்கிவிட்டு மலாயில் நாலே வார்த்தை பேசினாள். அம்மாள் சிரித்தார். முத்திரை விழுந்தது.

வெளியே வந்து, "என்னடி சொன்ன?" என்றேன்.

"எங்கப்பா குறட்டை டாக்டர்னு சொன்னேன்."

"இருபது வருஷ ஆராய்ச்சிடி அது."

"அதான் லா. சுருக்கமா." இந்த 'லா' இந்த நாட்டுப் பேச்சின் வால்.

இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். இன்னும் அழுத்திக் கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். தோளுக்கு எந்த மொழி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் அவளுக்கு நல்ல புலமை.

ஊரிலிருந்து பேசுகிற நண்பர்கள் எல்லோரும் ஒன்றைத் தவறாமல் கேட்பார்கள்: "கேமரன் மலை ஊட்டி மாதிரியா?" ஆமாம், ஊட்டி மாதிரிதான், ஊட்டியில் இருக்க எனக்கு யாரும் முத்திரை குத்த வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம் என்று சொல்லி வைப்பேன். இந்த ஒன்பது வருடத்தில் இங்கே பார்த்ததில் எதைப் பெரிதாகச் சொல்வாய் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேயிலைச் சரிவையும் பனியையும் சொல்லியிருப்பேன். போன மாதத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்டை என்பது எலும்பில்லாத ஒரு குழாய். பகலெல்லாம் சுற்றியுள்ள தசைகள் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் தூங்கினால் அவையும் கொஞ்சம் தூங்கப் பார்க்கின்றன. குழாய் தளர்கிறது. காற்று உரசிக்கொண்டு போனால் குறட்டை. குழாய் ஒட்டிக்கொண்டால் மூச்சே இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கப் போராடும். அப்போது மூளையின் அடியில், கட்டைவிரல் பருமன் இருக்குமா என்று சந்தேகப்படக்கூடிய ஓர் இடம், ரத்தத்தை முகர்ந்து பார்த்து அலறுகிறது. ஆள் ஒரு கணம் விழித்து, மூச்சை இழுத்து, விழித்ததே தெரியாமல் மறுபடி தூங்கிவிடுகிறார். காலையில், "நல்லாத் தூங்கினேன், ஆனா அசதியா இருக்கு" என்கிறார். ஒரு ராத்திரிக்குள் பலமுறை கழுத்து நெரிக்கப்பட்டு, அத்தனை முறையும் காப்பாற்றப்பட்ட மனிதர் அவர். இத்தனை வருடமாக வரைபடங்களைப் பார்க்கிறேன். அந்தக் கணம் வரும்போது இன்னும் என் கை நின்றுவிடுகிறது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், திருச்சியில் எங்கள் காலனி வீட்டில் அப்பாவின் குறட்டைக்கு ஒரு கௌரவம் இருந்தது. நல்ல உழைப்பாளி, நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. விருந்தாளிகளிடம் அம்மா பெருமையாகவே சொல்வாள். நான் மருத்துவக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் இருந்தபோது, விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள், அப்பா காலையில் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும், "கொடுத்து வச்சவரு, தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார்கள். பாதி மருத்துவன் ஆகியிருந்த நானும் அதைத்தான் நினைத்தேன்.

3

நான் ஆய்வு செய்யும் தேயிலைத் தோட்டம் கம்போங் ராஜாவிலிருந்து ஏறுகிற பாதையில் இருக்கிறது. தோட்டத்து மருந்தகத்தின் பின்னறைதான் என் ஆய்வுக்கூடம். குளிர், அடுப்புப் புகை, தெளிக்கிற மருந்து இவற்றுக்கு நடுவில் வேலை செய்பவர்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது, ராத்திரி மூச்சு எப்படிப் போகிறது என்று பார்ப்பது திட்டம். அதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். மூக்கில் செருகுகிற மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப், சட்டையில் ஒரு சின்ன மைக். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கலாம். மறுநாள் பெட்டியைத் திருப்பித் தந்தால் போதும்.

முனியாண்டி வந்தது அதற்காகத்தான். லோரி டிரைவர். காலையில் கொழுந்து வெட்டுக்குப் போகும் பெண்களைப் பின்னால் நிற்க வைத்து மேட்டுக்கு ஏற்றிப் போவார். அப்புறம் கொழுந்து மூட்டைகளோடு தொழிற்சாலைக்கு இறங்குவார். பாதை முழுக்க வளைவு, ஒரு பக்கம் பள்ளம். ஐம்பத்து நாலு வயது, கனத்த கழுத்து, மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் கோலாலம்பூரில். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"ராத்திரி எத்தன தரம் முழிச்சுக்குவீங்க?"

"அது என் கையில இல்ல டாக்டர். பக்கத்து வீட்டுல கேளுங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கதானே எழுப்பி விடுறாங்க. நான் கொறட்ட விட்டா பொறுக்காது. சுவத்துல டொக்கு டொக்குன்னு இடிப்பாங்க. நாலு வருஷமா என்கூடப் பேச்சு இல்ல. சுவத்தோட மட்டும்தான் பேசுறாங்க."

படிவத்தில் 'பிற குறிப்புகள்' என்ற கட்டத்தில், 'அயலாருடன் தகராறு' என்று எழுதினேன். நோயாளியே விடையைத் தட்டில் வைத்து நீட்டும்போது, அதை வாங்கிக் குப்பையில் போடுவதற்கு மருத்துவர் ஒருவரால்தான் முடியும். நான் மேற்படிப்பும் படித்தவன்.

இரண்டு இரவுப் பதிவு எடுத்தேன். மல்லாந்து படுக்கும்போதெல்லாம் மூச்சு தடைபடுகிறது, ஆனால் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. உடனே ஆள் ஒருக்களித்துக்கொள்கிறார். எங்கள் விதிப்படி மூச்சு பத்து விநாடியாவது நின்றால்தான் அது ஒன்று என்று எண்ணப்படும். முனியாண்டிக்கு எட்டு, ஒன்பது விநாடியிலேயே முடிந்துபோனது. எண்ணிப் பார்த்தால் 'லேசானது' என்று வந்தது. ஒவ்வொரு முறையும் மூச்சு திரும்புவதற்குச் சற்று முன்னால் மைக்கின் கோட்டில் முள் முள்ளாக ஏதோ ஓர் ஒலி. தகரக் கூரையில் மழை என்று நினைத்தேன். அடுத்த இரவு மழையே இல்லை, முள் மட்டும் இருந்தது. பெட்டிக்குத்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அதைக் கோலாலம்பூருக்குப் பழுது பார்க்க அனுப்பினேன். 'கோளாறு எதுவும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது.

டிரைவர் என்பதால் மேனேஜருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன்: முனியாண்டி லோரி ஓட்டத் தடையில்லை. மேனேஜர் அஸ்மான் என்ற மலாய் இளைஞர். பழைய ஆட்கள் அவரையும் துரை என்றுதான் சொல்கிறார்கள். முனியாண்டி மகிழ்ந்துபோய் என் வீட்டு வாசலில் ஆறு முட்டைகோஸ் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் முட்டைகோஸ் சாப்பிட்டோம். என் மனைவி, "இன்னும் நாலு பேருக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்துடாதீங்க" என்றாள்.

4

அடுத்த திங்கட்கிழமை வேலை முடிந்த நேரத்தில், ரப்பர் பூட்ஸோடு ஓர் அம்மாள் பின்னறை வாசலில் வந்து நின்றார். மேரி அக்கா. முப்பத்தைந்து வருடமாக இந்தத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவர். முனியாண்டியின் பக்கத்து வீடு.

"டாக்டர், அந்த லோரிக்காரருக்கு ஒண்ணும் இல்லன்னு கடுதாசி குடுத்துட்டீங்களாமே."

நான் விதிமுறைக் குரலை எடுத்தேன். "அக்கா, ஒருத்தரோட நோய் விவரம் அந்தரங்கம். அத நான் இன்னொருத்தர்கிட்டப் பேசக்கூடாது."

"அந்தரங்கமா? நடுவுல இருக்கறது பலகச் சுவரு. அந்தாண்ட அவரு ராத்திரி என்ன கறி தின்னாருன்னு ஏப்பத்துலயே சொல்லிடுவேன். அவரோட மூச்சப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியும்?"

"நிக்கும் டாக்டர். மல்லாந்து படுத்தா நிக்கும். நான் தட்டுவேன். பொரண்டு படுப்பாரு. ஒருக்களிச்சுட்டா ஒரு மணி நேரத்துக்குக் கவல இல்ல. அதுவரைக்கும் நானும் தூங்குவேன்."

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தது ஞாபகம் இருக்கிறது. "குறட்டை தொந்தரவுன்னு தட்டலையா நீங்க?"

"கொறட்ட என்ன தொந்தரவு? அது கேக்குற வரைக்கும் நல்லாத் தூங்குவேன். அது நின்னாத்தான் எனக்கு முழிப்புத் தட்டும்."

அந்தரங்க விதியை அவரே எப்போதோ தாண்டிவிட்டிருந்தார். பெயரை மறைத்துவிட்டுக் கணினியில் பதிவைத் திறந்தேன். அதை மறைத்து என்ன பயன் என்று கேட்காதீர்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தார்.

"இது என்ன கோடு?"

"மூச்சு. இங்க நின்னுடுச்சு பாருங்க."

"இந்த முள்ளு?"

"அதுதான் புரியல. முதல்ல மழைன்னு நினைச்சேன்."

"மழ இல்ல டாக்டர்," என்றார் மேரி அக்கா. "அது நான்."

ஒவ்வொரு முள்ளாகக் காட்டினேன், அவர் அடையாளம் சொன்னார். "இதுவும் நான்தான். இது கரண்டிக் காம்பு. இது வெறும் கை, கரண்டி கிடைக்கல." மறுபடியும் விநாடிகளை எண்ணினேன். எட்டு. ஒன்பது. எட்டு. இருட்டில் கடிகாரமும் பார்க்காமல் எப்படி இவ்வளவு சரியாக?

"அருள்நிறைந்த மரியே சொல்லுவேன். பாதி ஜெபம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள மூச்சு வந்துட்டா சரி. வரலன்னா மீதிய அப்புறம் சொல்லிக்கலாம்னு தட்டிடுவேன்."

எங்கள் துறை மாநாடு மாநாடாகக் கூடி, பத்து விநாடி என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால், ஒரு பலகைக்குப் பின்னால், இந்த அம்மாள் அரை ஜெபத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு நோயாளியை, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே சோதித்துவிட்டு, நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"எத்தன வருஷமா?" என்றேன்.

"அவரு சம்சாரம் போனதுலேருந்து. அது இருந்தப்ப அதுவே எழுப்பிக்கும், 'ஏங்க, ஏங்க'ன்னு. அது போனப்பறம் மொத வாரம் நானும் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். யாராச்சும் எழுப்புவாங்கன்னு பாத்தேன். யாரு இருக்கா?"

"அவர்கூடத்தான் உங்களுக்குப் பேச்சே இல்லையே?"

"அது வேற, இது வேற லா. பேசிக்கிட்டிருந்தப்பவும் கொறட்டைக்குத்தான் தட்டுறேன்னு அவரா நெனச்சுக்கிட்டாரு, நானும் விட்டுட்டேன்." பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டே சண்டைக் கதையைச் சொன்னார். நாலு வருடத்துக்கு முன்னால் முனியாண்டி லோரியைப் பின்னால் எடுக்கும்போது அவருடைய கோழிக்கூட்டின் மேல் ஏற்றிவிட்டார். "கோழி போனது போகட்டும். பிரேக் பிடிக்கலன்னு சொன்னாரு. நான் லோரிக் கண்ணாடில பாத்தேன் டாக்டர். கண்ணு மூடியிருந்துச்சு. உண்மையச் சொல்லுய்யா, நான் ஆப்பீசுல சொல்லமாட்டேன்னேன். என்னையே பொய்க்காரி ஆக்கிட்டாரு. அன்னிக்கு நிறுத்துனது பேச்ச."

"இப்ப ஏன் எங்கிட்ட வந்தீங்க?"

"மாசக் கடைசில ஓய்வு. வீட்ட ஒப்படைச்சுட்டு ரிங்லெட்டுல மக வீட்டுக்குப் போறேன். என் வீட்டுக்கு வெளிநாட்டுப் பையன்க நாலு பேரு வராங்களாம். பகல் பூரா உழைச்சுட்டு வர்ற பிள்ளைங்க, அவங்க தூங்கணும்ல. அதான் நீங்க ஏதாச்சும் மிஷின் குடுப்பீங்கன்னு இருந்தேன். நீங்க என்னடான்னா ஒண்ணுமில்லன்னு எழுதிட்டீங்க."

அவர் போன பிறகு வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருச்சி வீட்டில் கூடத்தில்தான் எல்லோரும் படுப்போம். அன்று அப்பாவைச் சேர்த்து ஏழு பேர். அவர் கை எட்டும் தூரத்தில் நான். குறட்டை நின்றபோது எங்களுக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும். அப்பாடா என்று புரண்டு படுத்திருப்போம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, எங்களுக்குத் தெரியாது. மேரி அக்காவுக்கும்தான் யாரும் சொல்லித்தரவில்லை.

5

ஆய்வில் பிழை நேர்ந்தால் நெறிமுறைக் குழுவுக்கு எழுத வேண்டும். பன்னிரண்டு பக்கப் படிவம். 'பதிவைப் பாதித்த காரணி' என்ற இடத்தில் 'மேரி (பக்கத்து வீடு)' என்று எழுதினேன். மூன்றாம் நாள் கோலாலம்பூரிலிருந்து ஓர் இளம் அதிகாரி கூப்பிட்டார். இந்த 'மேரி' எந்தக் கம்பெனித் தயாரிப்பு, அளவு சரிபார்த்த சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். மனிதப் பிறவி என்றேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, அப்படியானால் அவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள் என்றார்.

பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினால் சோதனைக்கு முறை வர மாதங்கள் ஆகும். மேரி அக்காவுக்கு இருந்தது மூன்று வாரம். தட்டாத ஓர் இரவின் பதிவு வேண்டும். அதற்கு முன்னால் என் கடிதத்தைத் திரும்பப் பெற்றாக வேண்டும். மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் நல்ல மனிதர். சோதனை முடிந்து, மிஷின் போட்டு மூச்சு சரியாக இருக்கிறது என்று பதிவு காட்டும்வரை முனியாண்டி பட்டறையில் வேலை பார்க்கட்டும், பிறகு லோரி அவருக்குத்தான் என்றார். அதை முனியாண்டியிடம் சொல்கிற வேலை எனக்கு வந்தது.

லோரிக் கொட்டகையில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் நிமிரவில்லை.

"முட்டைகோஸ் பத்தலியா டாக்டர்?"

"நான்தான் தப்பா எழுதிட்டேன் முனியாண்டி."

"லோரிய எடுத்துட்டா நான் யாரு? பட்டறையில ஸ்பானர் தூக்கிக் குடுக்கற ஆளா? இதுக்குத்தான் உங்க பெட்டியே வேணாம்னு மொதல்ல நெனச்சேன். பக்கத்து வீடு வந்து வத்தி வச்சுதா?"

"அந்த வீடு ஏன் சுவத்தத் தட்டுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

சொன்னேன். குறட்டைக்கு இல்லை, குறட்டை நின்றதற்கு என்று. அரை ஜெபத்தைச் சொன்னேன். ஆறு வருடம் என்றேன். அவர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் திருப்பித் தட்டியிருக்கேன் டாக்டர்," என்றார் கடைசியில். "கோவத்துல. உதைச்சும் இருக்கேன்."

நான் எதிரே இன்னொரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னிக்குப் பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. போன மாசம் கோலா தெர்லா வளைவுல ஒரு தரம். பின்னாடி பொம்பளைங்க சத்தம் போட்டுப் பாடிக்கிட்டு வந்தாங்க. அந்தப் பாட்டு இல்லன்னா..." துணியைக் கீழே வைத்தார். "எப்ப மாட்டணும் பெட்டிய?"

6

திட்டம் இதுதான். முனியாண்டி பெட்டியை மாட்டிக்கொண்டு தன் வீட்டில் தூங்குவார். விரல் கிளிப்பின் அளவு என் கையிலிருக்கும் சின்னத் திரையில் தெரியும். நான் மேரி அக்காவின் முன்னறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அபாயம் என்றால் நான் எழுப்புவேன். மேரி அக்கா எக்காரணம் கொண்டும் தட்டக்கூடாது.

"எவ்வளவு நேரம் நின்னாலுமா?"

"நான் இருக்கேன்ல, அக்கா."

இருபது வருட அனுபவம், கம்பளிச் சட்டை, இரண்டு குவளை காப்பி. பொழுது விடிந்தபோது எனக்கு நினைவு வந்த முதல் விஷயம், என் கழுத்து ஏன் இப்படி வலிக்கிறது என்பது. இரண்டாவது, என் கையில் திரை இல்லை என்பது. அது மேரி அக்காவின் மடியில் இருந்தது. அவர் எதிர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத் தூங்கினீங்க டாக்டர்," என்றார்.

என் ஆயுளில் இதைவிடக் கேவலமான வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவர் அன்பாகத்தான் சொன்னார்.

"அவரு..."

"இருக்காரு. இந்த நம்பர் இவ்வளவுக்குக் கீழ போனா எழுப்பணும்னு நீங்கதானே சொல்லிக் காட்டினீங்க. அதுக்கு மேலதான் நின்னுச்சு. நான் கண்ண எடுக்கல."

பதிவைத் திறந்தேன். இத்தனை இரவுகள் பார்த்தவன் நான். அதுபோல ஒன்றை அதிகம் பார்த்ததில்லை. மூச்சு நிற்கிறது. அரை ஜெபம் தாண்டுகிறது. முழு ஜெபம் தாண்டுகிறது. இன்னொரு ஜெபம். கோடு செத்துப்போனதுபோல் கிடக்கிறது. ஒரு நிமிடத்தையும் தாண்டிய பிறகு, அடியாழத்திலிருந்து ஒரு கை எட்டிப் பிடித்ததுபோல் மூச்சு ஏறி வருகிறது. பிறகு மறுபடி. மறுபடி. இத்தனைக்கும் முள் ஒன்றுகூட இல்லை. மூன்று மணி வாக்கில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருந்தது.

"இது?"

"ஒரு தரம் முடியல டாக்டர். மன்னிச்சுக்குங்க." உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "மத்த நேரமெல்லாம் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துட்டேன்."

பதிவை மூடினேன். அவரிடம் இன்னும் ஒரு தகவல் பாக்கி இருந்தது.

"உங்களுக்கும் நடுவுல நிக்குது, தெரியுமா? அவரத்தானே தட்டக்கூடாதுன்னீங்க. உங்கள ரெண்டு தரம் தட்டுனேன், நாற்காலிக் கையில."

நெறிமுறைக் குழுவுக்கு நான் இன்னொரு பன்னிரண்டு பக்கம் எழுத வேண்டியிருந்தது.

7

திட்டத்திலிருந்த ஒரு மிஷினை முனியாண்டிக்கு இரவலாகக் கொடுத்தேன். மூக்கில் ஒரு முகமூடி, அதிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். மெல்லிய காற்றை இடைவிடாமல் ஊதி, தொண்டையை ஒட்டவிடாமல் வைத்திருக்கும். மாட்டிக்காட்டியபோது அவர் கண்ணாடியில் பார்த்து, "இத மாட்டிக்கிட்டுச் செத்தா அடையாளம்கூடத் தெரியாது" என்றார். சாகாமல் இருக்கத்தான் அது என்றேன். கொஞ்சம் சிரித்தார்.

பட்டறை வேலை அவரை வாட்டிக்கொண்டிருந்தது. அன்றைய இரவுப் பதிவு நன்றாக வந்தால் லோரிக்குத் திரும்பும் கணக்கு அன்றிலிருந்து தொடங்கும். வராவிட்டால் மேரி அக்கா வீட்டை ஒப்படைக்கும் நாளுக்கு முன்னால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. காலையில் ஆறரைக்கே போய்விட்டேன்.

பனி இன்னும் கலையவில்லை. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்கள் கூடிக்கொண்டிருந்த நேரம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளுக்கு முன்னால் மண்டோரின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஆளுக்கு ஆள் வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். முனியாண்டி வரவில்லை என்று தேடி வந்திருக்கிறார். நான் கிட்டே போவதற்குள் அவரே வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

முனியாண்டியின் வாசற்படியில் மேரி அக்கா உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகும் முழுக்கைச் சட்டை, தலையில் துணி, காலில் பூட்ஸ், எல்லாம் தயார். கையில் ஜெபமாலை.

"உள்ள போகாதீங்க," என்றார் குரலைத் தாழ்த்தி.

"பதிவு எடுக்கணும், அக்கா."

"அப்புறம் எடுங்க. தம்பி தூங்குது."

நான் படிவக் கட்டோடு நின்றேன். அவர் பேச்சை நிறுத்திய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எப்ப வந்தீங்க இங்க?"

"அஞ்சு மணி இருக்கும். ராத்திரி பூரா ஒரு சத்தம் இல்ல டாக்டர். கொறட்டயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு எப்படித் தூக்கம் வரும்? ஜெபமால முழுசும் சொல்லி முடிச்சேன். பலகைல காத வச்சேன். புஸ்ஸுன்னு காத்துச் சத்தம் மட்டும்தான். அது மிஷினா, ஆளான்னு எப்படித் தெரியும்? எழுந்து வந்துட்டேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். மல்லாந்துதான் கெடக்கான். நெஞ்சு ஏறுது, எறங்குது. ஏறுது, எறங்குது." உள்ளங்கையைத் தன் முன்னால் மெதுவாக உயர்த்தித் தாழ்த்திக் காட்டினார். "இன்னொரு மால சொல்லிப் பாத்தேன். ஒரு தரம்கூட நிக்கல. இப்படி ஒரு தூக்கம் அவன் சம்சாரம் இருந்தப்பகூடத் தூங்கியிருக்க மாட்டான். அதான் யாரும் எழுப்பிடக்கூடாதுன்னு உக்காந்துட்டேன்."

"மண்டோர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. பட்டறையில ஆள் இல்லன்னாரு. மதியத்துக்கு வருவான், போய்யான்னேன்."

"உங்களுக்குப் பெரட்டுக்கு நேரமாச்சே."

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள். துரை ஒண்ணும் சொல்லமாட்டாரு. நிக்காதீங்க, உக்காருங்க."

அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். எதிரே தேயிலைச் சரிவு பனியிலிருந்து வரிசை வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது. கதவிடுக்கு வழியாக அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மிஷினின் காற்று. கொஞ்சம் காதைப் பழக்கினால் அதற்கு அடியில் ஓர் ஆளின் மூச்சு, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. இருபது வருடமாக அதைக் கோடாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் தூங்குவதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்ததே இல்லை என்பதை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

மேரி அக்கா உதட்டில் விரலை வைத்தார்.